கேசட்டில் மூழ்கிய கப்பல்

எழுபதுகளின் நடுவில் சவுதியின் தம்மாமில் எங்கள் அறையில் டேப்ரெக்கார்டர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எழுத வராதவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் வந்து, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசிவிட்டுப் போவார்கள். லீவில் ஊருக்குப் போகிறவர் அதைக் கொண்டுபோய் அந்தந்த வீட்டில் உட்கார்ந்து போட்டுக்காட்ட வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

துறைமுகத்துக்குப் பின்னால் மளிகைக் கடை நடத்திய பாய் அப்படி ஒருநாளும் வந்ததில்லை. ராமநாதபுரம் கடற்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் லீவுக்குக் கிளம்பும் வாரம் புதுக் கேசட்டோடு வந்து நின்றார்.

“முதல்ல சலாம் சொல்லணுமா தம்பி?”

“கடைல கேக்குற மாதிரி என்ன வேணும்னு மட்டும் கேட்டுடாதீங்க பாய்.”

சிரித்தார். பொத்தானை அழுத்தியதும் முகம் மாறிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவரும் அதே ஊர் நண்பர் ஒருவரும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் கைதானவர்கள். நண்பரின் மனைவிக்குச் சர்க்கார் அனுப்பிய தாளில் ‘காணவில்லை’ என்று மட்டும் இருந்தது. ஊர் திரும்பிய பாயும் “வேற முகாமுக்குப் பிரிச்சுட்டாங்க” என்று சொல்லிவிட்டார். உண்மையை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லையாம். முப்பது வருடம் கழித்து அதைக் கேசட்டிடம் சொன்னார்.

“எங்களைக் கப்பலுக்கு அடியில அடைச்சுக் கொண்டுபோனாங்க தங்கச்சி. நம்ம பக்கத்து வெள்ளைக்காரன் நீர்மூழ்கிதான் அதை அடிச்சது. உள்ள கைதிங்க இருக்கோம்னு கப்பல்ல ஒரு குறியும் போடலை. உன் மாப்பிள்ளை கீழ நின்னு என்னை ஏணியில ஏத்திவிட்டான். திரும்பிப் பாத்தா தண்ணிதான். அவன் உன்னை விட்டுட்டு எங்கயும் போகலை. மௌத்தாயிட்டான். இனிமே காத்திருக்காதே.”

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். நம் பக்கத்தவரே நம் ஆட்கள் இருந்த கப்பலை மூழ்கடித்ததாக எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அப்படி மூழ்கியவை ஒன்றல்ல, பல என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் அறிந்தேன். அந்த லீவில் பாயின் ஊரில் பஸ் இறங்கி வழி கேட்டபோது டீக்கடைக்காரர், “அந்தம்மா புருஷனா? பினாங்குல வேற குடும்பமா இருக்காருன்னு கேள்வி” என்றார். எனக்கு அதுதான் நம்பும்படி இருந்தது. நண்பனின் மானத்தைக் காக்க பாய் ஒரு கப்பலையே கட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். உயிரோடிருப்பவனின் மனைவியை விதவையாக்கும் பாவம் எனக்கு எதற்கு?

பாயிடமிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். “அவுகளைப் பத்தி ஏதும் சொல்லி விட்டாகளா?”

“இல்லம்மா. சலாம் மட்டும்தான் சொல்லச் சொன்னாரு.”

கேசட் என் பைக்குள் இருந்தது. மதுரை வீட்டுக்குப் போய் அதன்மேல் என் மகளின் பாட்டையும் மண்ணெண்ணெய் கிடைக்காத மனைவியின் புலம்பலையும் பதிந்து எடுத்துக்கொண்டேன். தம்மாம் திரும்பியதும் பாயிடம், “கேட்டு அழுதாங்க. அல்லா நாட்டம்னாங்க” என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாவின் பதில் கேசட்டை யாரோ கொண்டுவந்தார்கள். பாய் அதை என் அறைக்குத்தானே எடுத்து வருவார்? நான்தான் போட்டேன். பாயை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டது அந்தக் குரல்.

“காக்கா, நீங்க அனுப்புன ஆளு வந்து சலாம் சொன்னாக. மலாயாக்காரவுக ஆராச்சும் அங்க வந்தா விசாரிங்க. நான் இருக்கேன்னு அவுகள்ட்ட சொல்லச் சொல்லுங்க.”

பாய் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய கேசட்டைப் போடச் சொன்னார். எங்காவது தன் குரல் ஒரு துண்டு மிஞ்சியிருக்குமா என்று இரண்டு பக்கமும் கேட்டார். குழந்தை பாடியது, மனைவி புலம்பினாள், பிறகு வெறும் இரைச்சல்.

“மறுபடியும் பேசுங்க பாய். நானே கொண்டுபோறேன்.”

“கப்பலை அடிச்சவனுக்கு உள்ள ஆளு இருந்தது தெரியாது தம்பி. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டேதானே இருந்தே.”

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. கஃபீலான அரபு முதலாளி லீவு கொடுக்க அவருக்கு மேலும் ஒன்றரை வருடம் ஆயிற்று. ஊருக்குப் போய், இந்த முறை நேரிலேயே சொல்லியிருக்கிறார். நடந்ததை, என் பங்கு தெரியாத அறைத்தோழர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அந்த அம்மா நம்பவில்லையாம். “மௌத்தாயிருந்தா அன்னைக்கே அந்த ஆள்ட்ட சொல்லிவிட்டிருப்பீகளே காக்கா. படிச்சவுக, பொய் சொல்ற முகமா அது? என் மேல இரக்கப்பட்டுச் சொல்றீக” என்றாராம். கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியைக் கழற்றவில்லை.

கேசட் இருந்தது, அழித்தவன் நான் என்று நேரில் போய்ச் சொன்னால் நம்பியிருப்பார். அடுத்த லீவு வந்தது. மதுரையில் நாற்பது நாள் இருந்தேன். ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறவில்லை.