விழுங்கிய சளி

சளியைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரலாம். மூணாறுக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை.

வட்டவடையில் பூண்டு போடும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அம்மாவோடு வருவாள். அவளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவி நோய், நுரையீரலில் சளி பசையாகக் கட்டி, அதில் கிருமி குடியேறும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விரட்டப் பார்க்கலாம். விட்டால் அங்கேயே தங்கிவிடும்.

அன்று அவள் தந்த குப்பியில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெறும் எச்சில். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"கபம் கேட்டா எச்சிலைக் குடுத்திருக்கீங்களே?"

"நாலு பேர் முன்னாடி காறித் துப்பக் கூடாதுன்னு சொல்லி வளத்த பிள்ளை, சிஸ்டர். வந்தாலும் முழுங்கிரும்," என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

கோபம் போய்ப் பயம் வந்தது. இதுவரை 'கிருமி இல்லை' என்று நான் அனுப்பிய முடிவுகள் எல்லாம் எச்சிலைப் பார்த்து எழுதியவையா?

பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். "நாங்க ரெண்டு பேரும் திரும்பிக்கிறோம். நீ நல்லாக் காறித் துப்பு." முதலில் சத்தமே இல்லை. பிறகு வந்தது பாருங்கள், கெட்டியாக, பச்சையாக.

அந்தச் சளியைக் கிருமித் தீனி ஊற்றிய ஒரே தட்டில் வளர்த்தால் முரட்டுக் கிருமி படர்ந்து மற்றதை மூடிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு, தனித்தீனி. வெங்காயத்தை அழுகவைக்கும் இனம் ஒன்று நுரையீரலுக்கும் வரும். அது ஆடி அசைந்து வளர்வதால் அதன் தட்டை மட்டும் எறியாமல் வைத்திருப்போம். நல்லவேளை, அது காலியாகவே இருந்தது. இன்னொரு தட்டில் பச்சை படர்ந்திருந்தது, திறந்ததும் கம்பத்துத் திராட்சை வாசனை. முகரக் கூடாது என்பது விதி. மூக்குக்கு அது தெரியுமா? சூடோமோனாஸ், இந்த நோயாளிகளின் நுரையீரலில் நாங்கள் தேடும் முக்கியக் கிருமி. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அது அவள் மார்புக்குள் இருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

டாக்டர் மூச்சில் இழுக்கும் மருந்தைத் தொடங்கினார். திராட்சை வாசனையை வைத்துக் கிருமியைப் பிடித்த கதையை அவளிடம் சொல்லி அனுப்பினேன். மருந்து முடிந்து வந்தபோது, வரிசையில் எல்லோர் முன்னாலும் அவள் காறித் துப்பிக் குப்பியை நீட்டினாள்.

"திராட்சை வாசம் வருதான்னு சொல்லணும், அக்கா."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் முதுகைத் தடவிவிட்டார்.

தட்டுகளில் வாசனை வரவில்லை, பச்சையும் படரவில்லை. 'கிருமி இல்லை' என்று எழுதினேன். இந்த முறை குப்பியில் இருந்தது சளிதான்.