செல்லச்சாமி முட்டு வைக்காத கேன்ட்ரி

செல்லச்சாமியின் கை சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் வீதிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெல்டிங் பெட்டிக்கு ஒரு பொட்டு, ஜாக்கிகளுக்கு ஒவ்வொரு பொட்டு, கிரைண்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் புதிய கேன்ட்ரிக்குத் தாராளமாக வைத்தார். அன்றைக்கு ஆயுத பூசை.

கேன்ட்ரி அவரே செய்தது. பக்கத்துக்கு இரண்டாகக் குழாய்க் கால்கள், மேலே குறுக்கே ஒரு இரும்புக் கர்டர், அதில் தொங்கும் செயின் புளொக், காலடியில் சில்லுகள். லொறி என்ஜினைத் தூக்கி அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். இப்போதும் ஒரு என்ஜின் அதில் தொங்கியது. பூசைக்கு முன்பே தூக்கி, பழுது பார்த்து முடித்து, லொறியைப் பின்னால் தள்ளிவிட்டு, என்ஜினுக்கும் ஒரு செவ்வந்தி மாலை போட்டிருந்தார். வீதியில் போகிற எல்லோரும் பார்க்க வேண்டும். முக்கியமாக எதிர்க் கராஜ்காரர் பார்க்க வேண்டும்.

கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர் செல்லச்சாமி. தேயிலை ஃபெக்டரியில் மெஷினுக்கு எண்ணெய் விடப் போனவர், ஃபிட்டராகி, கெலிஓயாவுக்கு இறங்கி வந்து தகரக் கூரையின் கீழ் கராஜ் போட்டார். பல வருஷம் அந்த வீதியில் அவர் ஒருவர்தான். என்ஜின் தூக்க வாசல் பலாமரத்துக் கிளையில் கயிறு போடுவார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் பிலிமத்தலாவையிலிருந்து சாஹுல் ஹமீது வந்தார். சிமெந்துத் தரை, இழுத்து மூடும் ஷட்டர், நடுவில் ஒரு கேன்ட்ரி. அதன் பிறகு பலாமரத்தைப் பார்த்தாலே வாடிக்கைக்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஹமீதின் வாசலில் நுழையும் ஒவ்வொரு லொறியும் தன் வாசலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது என்றே செல்லச்சாமிக்குப் பட்டது. சாப்பிடும்போதும் கதிரையை வீதிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

"சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க," என்பாள் மனைவி இரத்தினம்மா. "அங்க பாத்தா வயிறு நெறையாது."

அப்படித்தான் கேன்ட்ரி பிறந்தது. ஹமீதுடையதைவிட ஒரு அடி உயரம். ஹமீதின் கேன்ட்ரியில் காலும் கர்டரும் சேரும் மூலைகளில் சாய்வாக முட்டு வைத்து ஒட்டியிருந்தது. முட்டு வேண்டும் என்பது செல்லச்சாமிக்கும் தெரியும். வைத்தால், எதிர்க் கடையைப் பார்த்துச் செய்தான் என்பார்கள். அதனால் வைக்கவில்லை. மூலைகளில் தடித்த தகடு வைத்து போல்ட் முறுக்கினார்.

தொங்கிய என்ஜின் காளிமுத்துவின் லொறியுடையது. கலஹாவிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுபவர். ஹமீது வந்த பிறகு அங்கே போனவர். செல்லச்சாமி நேரில் போய்க் கேட்டதால் வந்திருந்தார்.

"இந்த ஒரு தடவ பாப்போம்," என்றுதான் சொல்லியிருந்தார். அந்த ஒரு தடவையை நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்பதே செல்லச்சாமியின் நினைப்பு முழுவதும்.

சூடம் காட்டியாயிற்று. இனி மறுநாள் காலையில் எடுக்கும்வரை பூசையில் வைத்த எதிலும் கை வைக்கக் கூடாது. இரத்தினம்மா கடலையும் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ முனகியது. கேன்ட்ரி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தகடு மடங்கத் தொடங்கியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைத்தவள் இரத்தினம்மா. பொங்கல் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூலையில் கிடந்த பழைய டயர்களை உருட்டி வந்து என்ஜினுக்கடியில் அடுக்கினாள். "டயரு ஆயுதமில்ல," என்றாள்.

"செயின இழுத்து இறக்குங்களேன்," என்றார் காளிமுத்து.

"இழுத்தா இன்னும் ஆடும். மூலைய ஒட்டிப் பிடிக்காம ஒண்ணும் செய்ய ஏலாது." செல்லச்சாமி வெல்டிங் பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க. செயின இறக்குறது ஆபத்துக்கு, இது வேல. பூசையில இருக்கிற சாமான எடுத்து என் வண்டியில வேல செய்ய வேணாம். நான் மலையில ஓடுறவன்."

"சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்குமோ என்னமோ, எனக்குப் பயமா இருக்கு. எதிர்ல ஹமீது நானாவுக்குப் பூச இல்லையே."

செல்லச்சாமிக்கு வாயில் இருந்த கடலை கசந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் காளிமுத்து வீதியைக் கடந்துவிட்டார்.

ஹமீது ஒரு தடித்த கயிறும் தன் வெல்டிங் பெட்டியுமாக வந்தார். கயிற்றைக் கர்டரில் கட்டிப் பலாமரத்தில் இழுத்து முடிந்தார். பிறகுதான் மூலையைப் பார்த்தார்.

"முட்டு வைக்க மறந்துட்டீங்களா பாஸ்?"

"நேரமில்ல," என்றார் செல்லச்சாமி.

"உயரம் நல்லா இரிக்கி. என்னோடதவிடக் கூட." அதில் கேலி இருந்ததா என்று செல்லச்சாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் எரிந்தது.

ஹமீது ஏணியில் ஏறினார். சாய்ந்த பக்கத்து இரண்டு மூலைகளிலும் முட்டு வைத்து ஒட்டினார். தன் கராஜில், தன் கேன்ட்ரியில், இன்னொருவன் பொறி பறக்க வேலை செய்கிறான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர செல்லச்சாமிக்கு வழியில்லை. ஒட்டில் ஏதாவது ஓட்டை இருக்காதா என்று பார்த்தார். இல்லை. மேலே படிந்த கசடு தட்டாமலே உரிந்து விழுந்தது; நல்ல ஒட்டுக்கு அதுதான் அடையாளம். ஹமீது செயினை நிதானமாக இழுக்க, என்ஜின் டயர் மேல் உட்கார்ந்தது.

"மத்தப் பக்கம் ரெண்டு முட்டு நாளைக்கு நீங்க வைங்க," என்று சொல்லிவிட்டு, இரத்தினம்மா கொடுத்த கடலையை வாங்கிக்கொண்டு போனார்.

காளிமுத்து மேலே பார்த்தபடி நின்றார். "ஹமீது நானா வச்ச முட்டு இருக்கு. இனிப் பயமில்லாம வண்டிய விடலாம். மச்சானோட லொறியையும் கொண்டாறேன்."

கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான் அது. அதில் பாதி ஹமீதுக்குப் போய்விட்டது.

அன்றிரவு செல்லச்சாமி புரண்டு புரண்டு படுத்தார். "வெட்டி எடுத்துட்டு நானே வைக்கப்போறேன்," என்றார்.

"வெட்டுங்க," என்றாள் இரத்தினம்மா. "காளிமுத்தும் மச்சானும் எந்தப் பக்கம் போவாங்கன்னு யோசிச்சுட்டு வெட்டுங்க."

மறுநாள் காலை செல்லச்சாமி சூடம் காட்டி, பூசையிலிருந்து முதலில் கிரைண்டரைக் கையில் எடுத்தார். ஏணியில் ஏறி ஹமீதின் ஒட்டுக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி, அதே கிரைண்டரால் புதிதாக இரண்டு முட்டு வெட்டி, மற்றப் பக்கம் வைத்து ஒட்டினார். காளிமுத்து வந்ததும் என்ஜினைத் தூக்கி லொறியில் இறக்கிப் பொருத்தினார். கேன்ட்ரி அசையவில்லை.

லொறி வீதியில் ஏறுவதற்குள் ஒரு பச்சை பெயின்ட் டின்னைத் திறந்து, ஹமீது ஒட்டிய இரண்டு மூலைகளிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். மத்தியானம் ஹமீது ஷட்டரில் சாய்ந்து நின்று பார்த்தபோது நான்கு மூலையும் ஒரே பச்சை.