அக்காவுக்குப் போட்ட கூரை

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல். பட்டறையும் கிடையாது, பேச ஆளும் கிடையாது. டிவியைப் போட்டால் அதோடும் சண்டை. புயலில் வீடு போன கருவாட்டு அக்காவுக்குச் சும்மாவே கூரை போட்டுத் தருகிறேன் என்று நானாகக் கிளம்பியதில் தர்மம் பாதிதான். மீதி, வீட்டில் தனியாக உட்கார முடியாதது.

திருப்பாலைவனத்தில் என் வெல்டிங் பட்டறைக்கு எதிரே அக்கா கருவாடு விற்பார். வீடு கடலோரத்தில், லைட்ஹவுஸ் குப்பத்தில். புயல் ஷீட்டையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நாலு சுவர்மேல் தார்ப்பாய் கட்டி ஒண்டியாகக் கிடந்தார். போனும் தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டதால் அம்பத்தூரிலிருக்கும் மகன் என் போனில்தான் பேசுவான். "கூர இல்லாத வூட்ல எப்டிம்மா இருப்ப, பொங்கலுக்குள்ள வந்து இட்டுனு போறேன்" என்று சொல்லியிருந்தான்.

கடலைப் பார்த்தே வாழ்ந்த பொம்பளை போயும் போயும் மருமகள் வீட்டில் அண்டிக் கிடப்பதா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வருவதற்குள் வீட்டை நிமிர்த்திவிடுவது என்று முடிவு கட்டினேன். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்கு ஞாயிறுகள். கூரையின் இரும்புச் சட்டத்தில் இருந்த துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புதுத் தகர ஷீட் ஏற்றினேன். உப்புக்காற்றுக்குச் சாதா போல்ட் தாங்காது என்று துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்கினேன். அக்கா கீழே நின்று ஷீட்டைத் தாங்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருப்பார். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். அம்பத்தூர் வீட்டில் ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம்.

"மெதுவா செய் நைனா, இன்னா அவசரம்" என்பார்.

"வேகமா செஞ்சா திட்டுற ஆள இப்பதான்க்கா பாக்குறேன்" என்று கடுகடுத்தேன். என் வேலையில் நம்பிக்கையில்லை என்று நினைத்துக்கொண்டேன். மண்டையில் மூளை இருந்தால்தானே.

நான்காம் ஞாயிறு மதியம் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கினேன். கூரை பளபளவென்று இருந்தது. பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சூப்பரா பண்ணிகிறீங்கண்ணே, ரொம்ப தேங்க்ஸ். இனிமே கவலையில்ல, அம்மா அங்கயே இருக்கட்டும். இங்க எடமும் பத்தாது. வேலையெல்லாம் முடிச்சிட்டு ஒருநாள் வந்து பாக்குறேன்."

வைத்துவிட்டான். அக்கா குனிந்து தரையில் கிடந்த தகரத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஒன்ன யாரு நைனா போட்டா அனுப்பச் சொன்னது?" குரலில் கோபமே இல்லை. "கூர இல்லன்னுதான அவன் வரேன்னான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவரோ கை கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினார். எதிரில் உட்கார்ந்தார், தான் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டில் பேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா நைனா?"

"வேலதான் முடிஞ்சிடுச்சேக்கா" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பஸ் பழவேற்காட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. மகன் சொன்னதைத்தான் நானும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவனுக்காவது பெண்டாட்டி, பிள்ளை, இடமில்லாத வீடு. எனக்கு என்ன கேடு? இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். உட்கார்ந்தேதான் வந்தேன்.