முதல் நொடிக்காக நின்றவர்

தேரடித் தெருவில் அவருக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. ஒல்லியான மனிதர், பேசும்போதெல்லாம் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். மலையுச்சியில் கார்த்திகை தீபம் பற்றும் முதல் நொடியைப் படமெடுக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஒரு வருஷம் மேகம் மறைத்தது. அதற்கப்புறம் வந்த வருஷங்களில் மேகமே இல்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் ஊரே "அரோகரா" என்றதும் அவர் கைகள் கேமராவை விட்டுக் கும்பிடத் தலைக்குமேல் போய்விட்டன. தெருவே சிரித்தது.

அடுத்த தீபத்தன்று ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் அவர் பக்கத்தில் நின்றேன். பிலிம் ரோல் காலம். இருட்டிக்கொண்டு வந்தது.

"இந்த வாட்டியும் கை மேல போயிடுச்சுன்னா?" என்றேன்.

"போவாதுங்க. அந்த நேரம் கும்பிடலேன்னா அண்ணாமலையாரு கோச்சிக்க மாட்டாரு. நாந்தான் இத்தினி வருஷமா பயந்துட்டேன்." கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

வெடிச் சத்தம் கேட்டது. உச்சியில் ஒரு பொறி. மாடியே அலறியது, என் கைகளும் தானாக மேலே போயின. அந்த இரைச்சலுக்குள் 'க்ளிக்' என்றது கேமரா.

"படம் விழுந்துச்சா?"

"கழுவினாத்தாங்க தெரியும். கை நின்னுச்சு, பாத்தீங்கல்ல?"

எல்லோரும் கையை இறக்கிவிட்டுப் படியிறங்கினார்கள். அப்புறம்தான் அவர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, காலியான மாடியில் தனியாக நின்று கும்பிட்டார்.