மேடையில் நான் சொன்னது

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். அப்பாவுக்கு மாந்தோப்பில் கூலி வேலை. சீசனில் மாங்கூழ் கம்பெனியில் பெட்டி இறக்கப் போவார். ஏழு வயது வரை எனக்கு மொழி என்று ஒன்று கிடையாது. பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன், தாகத்துக்குக் கட்டைவிரலை உதட்டில் வைப்பேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

மிஷன்காரர்கள் ஒருநாள் ஜீப்பில் வந்தார்கள். காது கேளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களோடு வந்தவர்தான் டீச்சர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். என் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ அதிர்ந்தது. நான் பயந்து கையை இழுத்தேன். பிறகு நானே மறுபடி வைத்தேன். அவர் சிரித்தார். அந்த வாரமே அவர்களுடைய விடுதிப் பள்ளிக்கு அம்மா என்னைக் கூட்டிப் போனாள்.

பள்ளி பெங்களூர் ரோட்டில் ஓட்டுக் கட்டடம். அங்கே பேச்சுப் பயிற்சி என்றால் கண்ணாடி முன்னால் உட்காருவது. 'அப்பா', 'அம்மா' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் அசையும். 'ப' சொன்னால் வாய்க்கு முன் பிடித்த காகிதத் துண்டு ஆட வேண்டும். 'ம' சொன்னால் மூக்கில் வைத்த விரலுக்கு அதிர்வு தெரிய வேண்டும். இந்த இரண்டு எழுத்துக்கே பல மாதம் ஆனது. டீச்சர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போய் முதல் தடவை 'அம்மா' என்றபோது, அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் திருநெல்வேலிப் பக்கம்; பெண் பிள்ளைகளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். நான் கற்ற தமிழ் முழுக்க அவர் உதட்டிலிருந்து எடுத்தது. அதனால் 'வாரேன்', 'பேசுதேன்' என்றுதான் எனக்கு வரும். என் பேச்சுக்குப் பழகிய அக்கம்பக்கத்தார் என்னைத் தெக்கத்திக்காரி என்று கேலி செய்தார்களாம்.

கையால் பேசக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். பேசினால் பிரம்படி. துணி துவைக்கும் இடத்தில் ஒளிந்து பேசிக்கொள்வோம். ஒருத்திக்கு மட்டும் விலக்கு இருந்தது. என்னைவிட மூத்தவள், என் தோழி. அவளுக்குக் காதும் கேட்காது, பார்வையும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரியாது. அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிச் சொல்ல எனக்கு டீச்சரே அனுமதி கொடுத்தார். மாலைகளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது என் பொறுப்பு.

எட்டாவது படிக்கும்போது கிருஷ்ணகிரியில் பெரிய மைதானத்தில் எங்கள் மிஷன்காரர்கள், ஜெபத்தாலேயே நோய் தீரும் என்று சொல்லி, சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துப் போனார்கள். பெற்றோர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா, அம்மா இருவரும் வந்திருந்தார்கள். டீச்சர் என்னை மேடைக்குக் கூட்டிப் போனார். பிரசங்கியார் என் இரண்டு காதிலும் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் வாயசைத்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. டீச்சர் என் எதிரில் நின்று, "சொல்லு ஏட்டி" என்றார். நான், "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றேன். பள்ளியில் தினமும் காலையில் சொல்வதுதான். கூட்டம் எழுந்து நின்றது. பெண்கள் அழுதார்கள். நான் நன்றாக உச்சரித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் வீட்டில்தான் தெரிந்தது. அப்பா என்னை அன்றே ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து அவர் என் பின்னால் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பி ஏதோ கேட்பார். மீசையும் வெற்றிலையுமாக அவர் வாயைப் படிக்கவே முடியாது. மத்தியானம் முதுகில் ஓர் அடி விழுந்தது. திரும்பினால் அப்பா கண் சிவந்து நிற்கிறார். அவர் சொன்னதை அம்மா பிறகு எனக்கு மெதுவாக வாயசைத்துச் சொன்னாள்.

"கூப்புட்டுக்கினே இருக்கறேன், திரும்பறாளா பாரு. காதுதான் வந்துடுச்சில்ல? திமிரு!"

அம்மா என் காதைத் தொட்டாள், வானத்தைக் காட்டினாள், கையை விரித்தாள். எனக்குக் காது வந்துவிட்டதாக அவர்கள் நம்பியிருக்கிறார்கள். பிறவிச் செவிடும் ஊமையுமாக வந்தவள் இந்த நிமிஷம் கேட்டாள், இந்த நிமிஷம் பேசினாள் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். ஆறேழு வருஷமாகக் கண்ணாடி முன் உட்கார்ந்து கற்ற பேச்சு அது. அந்த மைதானத்தில், ஒலிபெருக்கி சொன்னது தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காய்ச்சல் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். வலிப்புக்காரரைக் கூட்டி வந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா, "காதுதான் கேக்குதே, இனிமே இன்னாத்துக்கு ஸ்கூலு?" என்று என்னை நிறுத்திவிட்டார். வாரங்கள் போகப்போக எனக்குக் காது கேட்கவில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கூட்டம் நடத்தியவர்கள், "நீங்க மாரியம்மன் பண்டிகைக்குப் போனீங்கல்ல? விசுவாசம் இல்லாத வீட்ல வரம் தங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா திரும்பி வந்து படுத்துக்கொண்டார். தன்னால்தான் மகளுக்கு வந்த காது போய்விட்டது என்று அவர் கடைசிவரை நம்பினார்.

அம்மாதான் மறுபடி பள்ளிக்குக் கூட்டிப் போனாள். டீச்சரைக் கண்டதும் கேட்டேன்.

"எனக்குக் காது வந்துட்டுன்னு நீங்க சொன்னீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. "நான் சொல்லலை ஏட்டி. அவுகதான் சொன்னாக. நான் இல்லைன்னு சொல்லாம இருந்துட்டேன்." அழுதார். "அடுத்த கூட்டத்துல சரி பண்ணிருவோம். நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

நான் நம்பினேன். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? எனக்கு இருந்த ஒவ்வொரு சொல்லும் அவர் தந்தது.

அடுத்த வருஷம் அதே மைதானத்தில் கூட்டம் என்று தெரிந்ததும் பயிற்சியைத் தொடங்கினோம். சொல்ல வேண்டிய வாக்கியத்தை டீச்சரே எழுதினார். 'எனக்குக் காது கேட்காது. டீச்சர்தான் பேசக் கற்றுக் கொடுத்தார்.' சிறிய வாக்கியம்தான். ஆனால் அதில் முழுக்க 'க'. அந்த எழுத்து தொண்டைக்குள்ளேயே பிறப்பது, உதட்டில் தெரியாது. கரண்டிக் காம்பால் என் நாக்கு நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு "க... கா... கே..." என்று சொல்ல வைத்தார். வாய் புண்ணாகியது. என் தோழியின் உள்ளங்கையிலும் எழுதிக் காட்டினேன், நான் மேடையில் இதைச் சொல்லப்போகிறேன் என்று. அவளையும் அந்த வருஷம் மேடைக்குக் கூட்டிப்போகப் பெயர் கொடுத்திருந்தார்கள். கண்ணுக்காக ஜெபிக்க.

"நீ சொன்ன பிறகு என்னைக் கூப்பிட மாட்டார்கள், இல்லையா?" என்று அவள் என் கையில் எழுதினாள்.

"மாட்டார்கள்" என்று எழுதினேன்.

மேடையில் டியூப் லைட்டுகள் பளீரென்று இருந்தன. போன வருஷம் சுகம் பெற்ற பெண் சாட்சி சொல்கிறாள் என்று அறிவித்திருக்க வேண்டும். மைக்கை என் வாயருகே பிடித்தார்கள். டீச்சர் எதிரில் நின்று தலையாட்டினார். நான் மூச்சை இழுத்து, ஒவ்வொரு 'க'வையும் தொண்டையிலிருந்து பிடுங்கிச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காது. டீச்சர்தான் பேசக் கத்துத் தந்தாங்க."

என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பழகாதவர்களுக்கு அது சொல்லாகவே கேட்காது என்று பிறகு அறிந்துகொண்டேன். அன்று பிரசங்கியார் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன சொல்கிறாள் என்றுதான் கேட்டிருப்பார். அந்த மேடையில் என் பேச்சு புரிந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"ஆண்டவருக்கு நன்றி சொல்லுதா."

உலகத்திலேயே எனக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த உதடுகள் அவருடையவை. ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

கூட்டம் கை தட்டியது. மேடைப் பலகை அதிர்ந்தது. மேடையின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தோழி அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினாள். நான் போய்ப் பிடித்தேன்.

"சொல்லிவிட்டாயா? கேட்டார்களா?" என்று என் கையில் எழுதினாள்.

பதில் எழுத அவள் உள்ளங்கையை விரித்தேன். அதற்குள் பிரசங்கியார் வந்து அவள் கண் இமைகள் மேல் கட்டைவிரல்களை அழுத்தினார். அவள் துள்ளிப்போய் என் கையை நகம் பதியப் பற்றினாள். நான் அவளை எழுப்பி இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். யாரோ தடுத்தார்கள். நான் நிற்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால் டீச்சர் ஓடி வந்தார். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அத்தனை பேருக்கு முன்னால அவுகளை எப்படிடீ பொய்யாக்க? பள்ளிக்கூடத்தை மூடிட்டா உன்ன மாதிரிப் பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? யோசிச்சுப் பாரு."

பேசினால்தானே அதை வேறொன்றாக மாற்றிச் சொல்வார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து குரலை எடுப்பதே நின்றுபோனது. வகுப்பில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். பிரம்பால் அடித்தார்கள். அது வலித்தது, அவ்வளவுதான். வீட்டிலும் பேசவில்லை. அம்மா என் மூக்கில் தன் விரலை வைத்து 'அம்மா' சொல்லச் சொல்லிக் கெஞ்சுவாள். அவளுக்கு ஏன் அந்தத் தண்டனை என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் டீச்சருடையது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதை எடுக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

பள்ளியை விட்டபின் ஓசூருக்கு வந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சத்தம் எங்களைத் தொந்தரவு செய்யாது என்று காது கேளாதவர்களை அங்கே எடுத்தார்கள். கூட வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போவார்கள். நானும் போனேன். அங்கே ஒரு சபையில் போதகரே காது கேளாதவர். கையால் ஜெபிக்கிறார், கையால் சிரிக்க வைக்கிறார். மூன்றாம் வாரம் நான் அழுதேன். ஆண்டவரை நான் விட்டதில்லை. அவர் பெயரில் என்னிடம் பொய் சொன்னவர்களைத்தான் விட்டேன். என் கணவரை அந்தச் சபையில்தான் சந்தித்தேன். அவருக்கும் காது கேட்காது.

என் தோழியின் பார்வை முழுவதும் போய்விட்டது. பெங்களூரில் கன்னியர் நடத்தும் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். அங்குள்ள ஒரு சிஸ்டர், உள்ளங்கையில் பேச அவளிடமே கற்றுக்கொண்டு, நாளெல்லாம் அவளோடு வம்பளக்கிறார். பார்க்கப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். என் டீச்சர் இப்படி இருந்திருக்கலாம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், ஒரு ஞாயிறு மதியம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படியோ விசாரித்து வந்திருக்கிறார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை கொய்யாப்பழம். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அவர் பேசினார். பள்ளியில் இப்போது மாடி கட்டியிருக்கிறார்களாம். பிரசங்கியார் அதற்குப் பிறகு வரவே இல்லையாம். உதடுகளில் சுருக்கம் விழுந்திருந்தாலும் எல்லாமே எனக்குப் புரிந்தது.

"பேசு ஏட்டி. ஒரு வார்த்தை. உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு."

நான் கைகளைத் தூக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் அவர் மைக்கில் சொன்னதை நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அப்பா சாகும்வரை தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். தோழியின் முகத்தில் இருந்த சிரிப்பைச் சொன்னேன். அவருக்குச் சைகை தெரியாது. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவருக்கு வாய்ப்பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவமா இருக்கியா? மன்னிச்சிட்டியா?" என்றார் டீச்சர்.

அதற்கு நான் கையைக்கூட அசைக்கவில்லை. அவர் என் சின்னவளின் தலையைத் தொட்டு ஜெபம் செய்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். தெருமுனை வரை என் கணவர் குடை பிடித்துக்கொண்டு போனார். பழங்களைப் பிள்ளைகள் தின்றார்கள். நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.