உதடு அசையக் கூடாது

அம்மா எதையும் முணுமுணுத்துத்தான் படிப்பாள். மருந்துச் சீட்டோ பேருந்துப் பலகையோ, எழுத்து உதட்டைத் தொட்டால்தான் மூளைக்குப் போகும். மருத்துவமனைத் துணிக்கிடங்கில் நோயாளிகளின் அங்கி தைப்பது அவள் வேலை. கூடத் தைப்பவர்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதுகு இனித் தையல் மிஷினைத் தாங்காது என்றானது. கிடங்குப் பொறுப்பாளரானால் நாற்காலி வேலை. அதற்குப் பட்டம் வேண்டும். ஆன்லைன் கல்லூரியில் சேர்ந்து, தட்டுத்தடுமாறி எல்லாத் தாளையும் தாண்டிவிட்டாள். கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி; அதை மட்டும் வீட்டில் கேமரா முன் எழுத வேண்டும்.

மகனுக்கு நெட்வொர்க் வேலை. தேர்வு விதிகளை வரி விடாமல் படித்து அறையைத் தயார் செய்தான். மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது. முகம் முழுசாகத் தெரிய வேண்டும். கண் திரையை விட்டு விலகக் கூடாது. வேறு சத்தம் கேட்கக் கூடாது என்று சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றினான்.

"என்னையும் தூக்கி வெளிய வச்சிட்டு நீயே எழுதிடு," என்றாள் அம்மா.

கதவுக்கு வெளியே நின்றான். சிறிது நேரத்தில் உள்ளிருந்து கூப்பிட்டாள். திரையில் ஒரே வரி: தேர்வர் வேறொருவருடன் பேசியதால் தேர்வு ரத்து.

கல்லூரிக்குப் போன் செய்தான்.

"அவங்க பேசலைங்க. கேள்வியப் படிச்சாங்க."

"உதடு அசைஞ்சிருக்கே சார்."

"சத்தம் வந்துச்சா?"

"சத்தம் வரல. ஆனா உதடும் அசையக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு சார். இன்னொரு வாய்ப்பு இருக்கு. அதோட சரி."

விதியில் அப்படி இருந்தது. அந்த வரியையும் படித்துத்தான் இருந்தான். அம்மாவைப் பற்றிய வரி என்று தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி. உதடுகளுக்கு நடுவே ஒரு அங்கிப் பொத்தானை வைத்துக்கொண்டு பாடம் படித்தாள். பொத்தான் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

"வாய் நிறைய குண்டூசிய வச்சிக்கிட்டுத் துணி தைக்கிறவ நான். இது என்ன பிரமாதம்?"

இரண்டு பக்கம் தாண்டியதும் பொத்தானைக் கையில் எடுத்தாள். "வரி ஓடுது, ஒண்ணும் உள்ள நிக்க மாட்டேங்குது. வாய மூடினா மூளையும் கடைய சாத்திடுதுடா."

"பழகிடும்மா."

பழகியது. இரண்டாம் தேர்வில் கடைசி நிமிடம் வரை உதடு அசையவில்லை. கேமரா ஒரு குறையும் சொல்லவில்லை. பாதிக் கேள்விகளுக்கு அவள் விடை எழுதவில்லை.

தோல்வி. மூன்றாவது வாய்ப்புக்கு விதியில் இடமில்லை. நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். அம்மா மிஷினுக்கே திரும்பினாள்.

முணுமுணுப்பு மட்டும் திரும்பவில்லை. மகன் அனுப்பும் செய்தியை வாயை இறுக மூடிக்கொண்டு பார்ப்பாள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "எதோ எழுதியிருந்தே," என்பாள். பிறகு போனை எடுப்பதே குறைந்துபோனது. ஒருநாள் அவளை அழைத்துவரக் கிடங்குக்குப் போனான். பக்கத்து மிஷின்கார அக்கா கேட்டாள்: "என்ன தம்பி, எங்க ரேடியோவ எவன் ஆஃப் பண்ணான்?"

அம்மாவின் பையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வருடம் மிஷின் மேலேயே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. அதே மருத்துவமனை, உடம்பில் அதே அங்கி. நாடா முனையில் இரட்டைத் தையல். அவள் மட்டும்தான் அப்படித் தைப்பாள்.

"பேசிட்டே இருங்க. காதுல விழுந்தாலும் விழும்," என்றார் நர்ஸ்.

என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதைச் சத்தமாகப் படித்தான். வயது. ரத்த வகை. வாய்வழி உணவு கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் பின்னால் வந்து சேர நேரம் விட்டுப் படித்தான். கண் அவள் உதட்டை விட்டு விலகவில்லை.

அசையவில்லை.

மறுபடி முதலிலிருந்து படித்தான்.