பேனையைத் தூக்காமல் பொகவந்தலாவை வரை

புவனா மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஹட்டனில் போர்டு மாட்டாத தையல்காரி நான். முன்னறையில் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேசை, அந்த மேசையின் மறுமுனையில் என் மகள் மதுஷாவின் பாடசாலை. பொகவந்தலாவையிலிருந்து மிஸ்ஸின் அண்ணன் பேசினார். "தங்கச்சி போயிருச்சும்மா. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னிச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சி."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "ஐயோ மிஸ், இன்னும் கணக்கு முடியலையே!" என்றுதான் கத்தினேன்.  அண்ணனுக்கு அது விளங்கியிருக்காது. இதைப் படிக்கும் உங்களுக்கும் விளங்காது. விளங்க வைக்கத்தான் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். புவனா மிஸ் நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலந்தான் ஆனவர். ஒல்லியான உடம்பு, காப்பி நிற ஸ்வெட்டர், மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் சிவக்கும். எங்கள் டவுனில் உள்ள ஒரு தனியார் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தார். பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது அவர்களுக்கு விளம்பரம். அவருடைய ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பார்த்தவர்கள் அச்சடித்ததா என்று தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பாடசாலையின் பரிசளிப்பு விழாச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகளின் பெயரை எழுதியவர் அவர்தான்.

மதுஷா அங்கே மூன்றாம் வகுப்பில் படித்தாள். அவளுக்கு இடக்கைதான் எழுதும் கை. வகுப்பு ஆசிரியைக்கு அது பொறுக்கவில்லை. "பீச்சங்கையால புத்தகத்தத் தொடாத" என்று அடிமட்டத்தால் விரலில் அடித்தார். அப்புறமும் அவள் இடக்கையால் எழுதியதால், அவளுடைய சீருடைக் கழுத்துப்பட்டியைக் கழற்றி அந்தக் கையைக் கதிரையோடு கட்டிப்போட்டார். வலக்கையால் பிள்ளை கிறுக்கியதை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "கோழி கெளறுன மாதிரி இருக்கு, பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கழுத்துப்பட்டியைத் தைத்துக் கொடுத்தவள் நான். 

நியாயம் கேட்கப் பாடசாலை அதிபரின் அறைக்குப் போனேன். வகுப்பு ஆசிரியையும் இருந்தார். சான்றிதழ் விஷயமாக வந்திருந்த புவனா மிஸ் ஒரு மூலையில் நின்றார். அதிபர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இங்க பாருங்கம்மா, ஒங்க புள்ளைக்கு எழுத்து வராது. சும்மா காசச் செலவழிக்காம வேற எடம் பாருங்க."

"அந்தப் புள்ளைக்கு எழுத்து வரும் சார்," என்றார் புவனா மிஸ். "இவங்களுக்குத்தான் படிப்பிக்க வரல."

"மிஸ், நீங்க ஒங்க வேலைய மட்டும் பாருங்க."

மிஸ் அந்தப் பாடசாலைத் தவணை முடியும்வரை அவருடைய வேலையை மட்டும் பார்த்தார். தவணை முடிந்த அன்றே வேலையை விட்டுவிட்டு, பொகவந்தலாவையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நானும் மகளை நிறுத்திவிட்டேன். கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் பாடப் புத்தகங்களை வாங்கி அனுப்பினார். "வீட்டுலயே படிக்கட்டும். சோதனைய வெளியில இருந்து எழுதிக்கலாம்," என்றார். கணக்கு, வாசிப்பு எல்லாம் வாய்வழியாக ஓடின. எழுதச் சொன்னால் மட்டும் மதுஷா இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள்.  வீட்டிலேயே படித்தாலும் ஒரு நாள் அவள் சோதனை மண்டபத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக வேகமாக எழுதத்தானே வேண்டும்? எழுத வராவிட்டால் அதிபர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அந்தப் பயம் என்னைத் தின்றது.

ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. நனைந்த குடையோடு மிஸ் வாசலில் நின்றார்.

"மதுஷாம்மா, நான் டியூசனுக்கு வரல. பழிவாங்க வந்திருக்கேன். தேத்தண்ணி போடுங்க."

பலர் அவரைச் சாந்தமானவர், பொறுமைசாலி என்று இந்த நினைவு மலரில் எழுதியிருப்பார்கள். பொய். அவர் பொல்லாத கோபக்காரர். அந்தக் கோபத்தில்தான் என் பிள்ளைக்கு எழுத்து வந்தது.

முதல் நாள் அவர் பென்சிலையே எடுக்கவில்லை. பனி படிந்த ஜன்னல் கண்ணாடியைக் காட்டி, "கண்ணாடிய அழுக்காக்கலாம், வா," என்றார். தன் விரலால் சுருள் சுருளாக ஒரு கோடு இழுத்தார். மதுஷா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக ஒரு சுருள் போட்டாள். மிஸ் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு தாள் வந்தது. வலக்கைக்காரர்கள் பேனையை இழுத்துக்கொண்டு போகிறார்கள், இடக்கைக்காரி தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று மிஸ் எனக்கு விளக்கினார். அதனால் நாம் தாளை இடப்பக்கம் சாய்ப்பதைப் போல் இவள் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். என் தையல் சோக்கை வாங்கி வெட்டும் மேசையில் சாய்வாக ஒரு கோடு போட்டார். தாளின் ஓரம் அந்தக் கோட்டில் நிற்கும். கை வரிக்குக் கீழேயே இருக்கும், எழுதியதை அழிக்காது. எழுத்துகளையும் வரிசைப்படி கற்றுக் கொடுக்கவில்லை. சுருள் எழுத்துகள் எல்லாம் ஒரு குடும்பம், வட்டத்தில் தொடங்குகிறவை இன்னொரு குடும்பம் என்று பிரித்தார். ஒரு குடும்பம் கைக்குள் வந்த பிறகுதான் அடுத்தது.

எழுத்துகள் தனித்தனியாக வந்தன. சேர்த்து எழுதச் சொன்னால் மதுஷா ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று போனாள். அப்போதுதான் மிஸ் தன் ஊரின் பெயரைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பொகவந்தலாவை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். "பேனையத் தூக்காம எங்க ஊருக்கு வந்து சேரு, பாப்போம்," என்றார். அதில் டபிள்யூ இரண்டு இடத்தில் வரும். அதன் முடிவு மேலே நிற்கும். அங்கிருந்து அடுத்த வட்டத்துக்குள் இறங்க வேண்டும். மதுஷா ஒவ்வொரு தடவையும் அங்கே போய்ச் சிக்கினாள், அழுதாள், தாளைக் கசக்கினாள்.

"இது நோர்வூட் ரோட்டு வளைவு மாதிரிடி," என்றார் மிஸ். "டிரைவரு வேகத்தக் கொறைப்பாரு. பஸ்ஸ நிப்பாட்டி எறங்கிப் போயிருவாரா?"

மழைக்காலம் முடிவதற்குள் பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது வேகம். அதற்கு மிஸ் கையாண்ட வழியை எந்தப் பாடசாலையும் ஒத்துக்கொள்ளாது. அதிபரைத் திட்டித் திட்டி ஆங்கிலத்தில் சொல்லெழுத்து கொடுத்தார். அதிபரின் மூக்கு தொழிற்சாலைப் புகைபோக்கியை விட நீளமானது. அதிபர் மேடையில் பேசத் தொடங்கினால் மாடுகூட எழுந்து போய்விடும். இப்படி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். அடுத்து என்ன வருமோ என்ற ஆசையில் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு பறந்து பறந்து எழுதினாள். கூட்டெழுத்து அவள் கையில் தண்ணீராக ஓடியது அப்படித்தான்.

அடுத்த வருட விழாவுக்கு முன் ஒரு நாள் மிஸ் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே அந்தப் பாடசாலையின் சான்றிதழ்கள். வேலையை விட்டவரிடமே வெட்கமில்லாமல் கொடுத்தனுப்பியிருக்கிறார் அதிபர். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அந்த ஆளுக்கா மிஸ் எழுதிக் குடுக்கப் போறீங்க? ரோசம் வேணாமா?"

"எழுதித் தாங்கன்னு அனுப்பியிருக்காரு. யாரு எழுதணும்னு சொல்லலையே," என்றார் மிஸ். மூக்கு நுனி சிவந்திருந்தது. பெட்டியை மதுஷாவுக்கு முன்னால் தள்ளினார்.

அந்த வழவழப்பான அட்டையில் கை பட்டால் மை இழுபடும். கெட்டுப்போனால் மாற்று அட்டை கேட்க முடியாது. சோக்குக் கோட்டில் அட்டையை வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, என் மகள் பெயர் பெயராக எழுதினாள். அவளைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் பெயர்கள். எழுத்துப் போட்டியில் முதலிடம் பெற்றவளுக்கான சான்றிதழும் அதில் இருந்தது. அவள் அந்த வகுப்பு ஆசிரியையின் மகள். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் மதுஷாதான் எழுதினாள்.

"எல்லாத்தையும் என்னய மாதிரியே எழுது," என்றார் மிஸ். "டீ எழுத்துக்கு மேல போடுற குறுக்குக் கோட்ட மட்டும் ஒன் கைக்கு வர்ற மாதிரி போடு. நாளைக்கு நமக்கு சாட்சி வேணும்."

பிள்ளைகளுக்கு நடன உடை தைத்தவள் என்று எனக்கும் விழாவில் கடைசி வரிசையில் ஒரு கதிரை கிடைத்தது. அதிபர் மேடையில் ஒரு சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். "இந்த எழுத்தப் பாருங்க பெற்றோர்களே! புவனா மிஸ் போனாலும் அவங்க கை நம்மளோடதான் இருக்கு. இதுதான் நம்ம பாடசாலையோட தரம்!" சபையே கை தட்டியது. நானும் தட்டினேன், கை சிவக்கத் தட்டினேன்.

வந்து சொன்னபோது மிஸ் இருமல் வரும்வரை சிரித்தார். "இப்ப சொல்லிராதீங்க மதுஷாம்மா. இன்னும் கொஞ்சம் சான்றிதழ் செவத்துல ஏறட்டும். நேரம் வர்றப்ப நானே சொல்றேன்." அதற்கடுத்த வருடப் பெட்டியும் எங்கள் மேசைக்கே வந்தது. நேரம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு அதிபர் மலர்வளையத்தோடு வந்தார். அவரே முன்னால் போய் இரங்கல் உரையும் ஆற்றினார். "கடைசி வரைக்கும் நம்ம சான்றிதழ்கள எழுதின கை இது. இனி அப்பிடி எழுத யாரு இருக்கா?" என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்துவிட்டேன். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். மதுஷா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க வேணாம்மா. மிஸ் படுத்திருக்காங்க."

உட்கார்ந்தேன். போகிற வழியில் அதிபர் எங்கள் பக்கம் நின்றார். பிள்ளையை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. "பாப்பா எந்த ஸ்கூலு?"

"வீட்டுலதான் படிக்கிறேன் சார்."

"அப்பிடியா? எழுத்தெல்லாம் நல்லா வருதா?"

மதுஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் சார் சொல்லணும்," என்றாள். அவர் சிரித்துத் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடுவதாகவும் எனக்கு ஒரு பக்கம் உண்டு என்றும் மிஸ்ஸின் அண்ணன் சொன்னார். அதிபரும் எழுதுகிறாராம். அவருடைய பக்கத்துக்கு அடுத்த பக்கம் என்னுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆகவே பெற்றோர்களே, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கடைசி இரண்டு வருடச் சான்றிதழ்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். டீயின் குறுக்குக் கோடு வலப்பக்கம் தடித்துத் தொடங்கி, இடப்பக்கம் மெலிந்து முடியும். வலக்கைக்காரர்களின் கோடு அப்படி ஓடாது. கதிரையோடு கட்டிப்போட்ட கையின் கோடு அது. அதிபர் அவர்களே, அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நீங்களும் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்களாம். நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னலில் பனி மூடியிருந்தது. மதுஷா இடக்கை விரலால் கண்ணாடியில் மிஸ்ஸின் ஊர்ப் பெயரை எழுதத் தொடங்கினாள். பஸ் வளைவுகளில் சாய்ந்து குலுங்கியது, அவள் விரலைத் தூக்கவில்லை. கடைசி எழுத்தில் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வந்து, டீக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு கோடு இழுத்தாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

மிஸ், நீங்கள் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். கோபத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.